பின் ஷாக்கை மாற்றினீர்கள், சாரி கார்டை எங்கே வைத்தீர்கள்?

தேனி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், கடைப் பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 43. வண்டி 2016 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ், எழுபதாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. விடிவதற்கு முன்பே பின்னால் இரண்டு பக்கமும் இருபது லிட்டர் பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பால் ஊற்றுகிறார். வாரத்தில் இரண்டு நாள் மனைவியை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகிறார். மனைவிக்கு இடுப்பு வலி. பள்ளத்தில் வண்டி இறங்கினால் பின் ஷாக் அடிவரை போய் 'டங்' என்று முட்டுகிறது. அந்த அடி நேராக அந்த அம்மாவின் இடுப்புக்குப் போகிறது. வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக்கிடம் சொன்னபோது, "உங்க வண்டி ஷாக் லோடுக்கு ஆகாதுண்ணே, 150 சிசி வண்டியோட கேஸ் ஷாக் போட்டுக்குவோம்" என்றிருக்கிறார். பழைய சாமான் கடையில் ஜோடி 1,800 ரூபாய்க்கு வாங்கி மாட்டிவிட்டார்கள்.

மாட்டி இரண்டு மாதம் ஆகிறது. புது ஷாக் பழையதைவிட இரண்டு சென்டிமீட்டர் நீளம் என்று டேப் வைத்து அளந்து எழுதியிருக்கிறார். கேனோடு போனால் வண்டி கப்பல் மாதிரி போகிறது. கேனை இறக்கிவிட்டுத் திரும்பினால் ஆளைத் தூக்கிப் போடுகிறது. சென்டர் ஸ்டாண்டு போட்டால் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பவில்லை. மலையிறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் ஹேண்டில் லேசாகி, சொன்னதற்கு மேல் திரும்புகிறது. ஸ்பீட் பிரேக்கரில் 'டக் டக்' என்று ஒரு சத்தம். செயின் தொங்கியதால் மெக்கானிக் இறுக்கிவிட்டார்.

அவர் கேட்பவை: ஓட்ட ஓட்டச் சரியாகிவிடுமா? ஆர்.சி.யில் ஷாக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லையே, போலீஸ் என்ன செய்ய முடியும்? இன்சூரன்ஸ் ஏஜென்ட் "இனி உங்க பாலிசியே செல்லாது" என்கிறாரே, உண்மையா? விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார், கேஸ் போடலாமா? பேசாமல், இரண்டுக்குப் பதில் நடுவில் ஒரே ஷாக் இருக்கும் மோனோஷாக்காகவே மாற்றிவிட்டால் என்ன?

அன்புள்ள நண்பருக்கு,

நான் மெக்கானிக் அல்ல. மெக்கானிக்கல் படித்துவிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து மதிப்பிடும் சர்வேயர். வண்டி ஓடும்வரை மெக்கானிக் பார்ப்பார். விழுந்த பிறகு நான் பார்ப்பேன். அதனால் நீங்கள் கேட்ட கேள்விகளை விட்டுவிட்டு, கேட்காத இரண்டு விஷயங்களிலிருந்து தொடங்குகிறேன்.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஷாக்கோடு இருக்கிற கேஸ் டப்பா இடித்ததால் சாரி கார்டைக் கழற்றிவிட்டோம்." கீழே இன்னொரு இடத்தில், மனைவி சேலை கட்டிக்கொண்டு ஒருபக்கமாகத்தான் உட்காருவார் என்றும் இருக்கிறது. இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தபோது எனக்கு ஒரு பைக் நினைவுக்கு வந்தது. வேறொரு காரைப் பார்க்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். வாசலில் அந்த பைக் நின்றது. கீறல் இல்லை, இண்டிகேட்டர்கூட உடையவில்லை. பின் சக்கரத்தின் ஹப்பில் மட்டும் மஞ்சள் சேலைத் துணி கயிறு மாதிரி முறுக்கி இறுகிக் கிடந்தது. அதை பிளேடால் அறுத்து எடுக்கவே மெக்கானிக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் ஆள் உட்காரும் பைக்கில் கைப்பிடி, கால் வைக்கும் ஃபுட் ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு மூன்றும் இருந்தாக வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி. ஆர்.சி.யில் ஷாக் இல்லை என்று வாதாடலாம். சாரி கார்டு விஷயத்தில் வாதாட உங்களுக்கு இடமே இல்லை. அதை மறுபடி மாட்டும்வரை மனைவியை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள். போடிமெட்டுக்கு பஸ் இருக்கிறது.

இரண்டாவது, அந்தப் பைப் துண்டு. ஷாக்கின் கண் பெரிதாகவும், அதை மாட்டுவதற்குச் சேஸிஸில் உள்ள முளையான ஸ்டட் சிறிதாகவும் இருந்ததால், நடுவில் ஒரு இரும்புப் பைப்பை வெட்டிச் செருகியதாக எழுதியிருக்கிறீர்கள். ஷாக்கின் கண்ணுக்குள் ரப்பர் புஷ்ஷும், அதன் நடுவே ஒரு ஸ்டீல் ஸ்லீவும் இருக்கும். நட்டை முறுக்கினால் அந்த ஸ்லீவ் ஸ்டட்டோடு சேர்ந்து அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஷாக் முன்பின் ஆடும்போது ரப்பர்தான் முறுகிக் கொடுக்கும்; இரும்பும் இரும்பும் உரசவே உரசாது. உங்கள் வண்டியில் இப்போது ஸ்லீவுக்குள் பைப், பைப்புக்குள் ஸ்டட். மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், ஒவ்வொரு மேட்டிலும் அது சுத்தியல் அடிதான். நீங்கள் கேட்கும் 'டக் டக்' பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஸ்டட் சேஸிஸோடு பற்றவைத்த பாகம். தேய்ந்தாலும் வளைந்தாலும் கடையில் தனியாக வாங்கி மாட்ட முடியாது. சேஸிஸில் கை வைக்க வேண்டிவரும். ஷாக்கைக் கழற்றியதும் ஸ்டட்டை மண்ணெண்ணெய் துணியால் துடைத்து, நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் எங்காவது பள்ளத்தில் தட்டினால், வேறு ஷாக் மாட்டுவதற்கு முன் நல்ல சேஸிஸ் ஒர்க்ஷாப்பில் காட்டுங்கள்.

வண்டிக்கு என்ன ஆயிற்று

ஷாக் என்று நாம் சொல்வது இரண்டு வேலைக்காரர்களை. ஸ்பிரிங் சுமக்கும்; உள்ளே இருக்கும் ஆயில் அந்த ஸ்பிரிங்கை அடக்கும். அடக்க ஆள் இல்லாவிட்டால் ஒருமுறை அமுங்கிய ஸ்பிரிங் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். உங்கள் பழைய ஷாக் எழுபதாயிரம் கிலோமீட்டர், அதுவும் தினம் பால் கேனோடு, ஒருமுறைகூட மாற்றாமல் ஓடியது. ராடில் ஆயில் பிசுபிசுப்பு இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது எப்போதோ செத்துவிட்டது. நீங்கள் ஒப்பிட்டது உங்கள் வண்டியின் ஷாக்கையும் 150 சிசி ஷாக்கையும் அல்ல. செத்த ஷாக்கையும் கொஞ்சம் உயிருள்ள ஷாக்கையும். உங்கள் மாடலுக்கான புது ஜோடியைப் போட்டிருந்தாலே "அடடா, என்ன மாற்றம்" என்று சொல்லியிருப்பீர்கள். மெக்கானிக் அதைச் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு வருத்தம்.

இப்போது இந்த 'கப்பல்' சமாச்சாரம். உங்கள் வண்டி சுமார் 110 கிலோ. அந்த ஷாக் வந்ததாகச் சொல்லும் வண்டி அதைவிட முப்பது கிலோ கூடுதல். கூடுதல் எடைக்கு ஏற்றபடி ஸ்பிரிங்கும் விறைப்பாக இருக்கும். ஸ்பிரிங் கம்பியின் கனம் கொஞ்சம் கூடினாலே விறைப்பு எகிறிவிடும்: மற்ற அளவெல்லாம் அப்படியே இருக்க, கம்பி பத்து சதவீதம் தடித்தால் விறைப்பு 46 சதவீதம் கூடும். அதனால் நாற்பது கிலோ பாலோடு போகும்போது அந்த ஸ்பிரிங்குக்கு வேலை இருக்கிறது, அடங்கிப் போகிறது. கேனை இறக்கியதும் வேலையில்லாமல் உங்களைத் தூக்கிப் போடுகிறது. ஓட்ட ஓட்ட இது சரியாகாது. ஸ்பிரிங் பழகாது, நீங்கள்தான் பழகிக்கொள்வீர்கள், அது இன்னும் ஆபத்து.

ஷாக்கின் அடியில், படிப்படியாகத் திருப்பும் வளையமான நாச்சைக் கடைசிக்குத் திருப்பினால் ஸ்பிரிங் ஹார்டாகும், முதல் நாச்சில் வைத்தால் சாஃப்டாகும் என்று நினைக்கிறீர்கள். முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். நாச் ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்றுவதில்லை. ஆள் ஏறுவதற்கு முன்பே ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்கி வைப்பது என்பதைத்தான் மாற்றுகிறது. அதனால் வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பது மாறும். கேனோடு போகும்போது மேல் நாச், தனியாக வரும்போது கீழ் நாச் என்று மாற்றிக்கொள்ளத்தான் நாச் கொடுத்திருக்கிறார்கள். எட்டு வருஷத்தில் ஒருநாளாவது திருப்பினீர்களா?

கேஸ் ஷாக் என்றால் மெத்தென்று இருக்கும் என்று நினைப்பதும் அப்படித்தான். ஷாக்கின் ஆயில் வேகமாக மேலும் கீழும் ஓடும்போது நுரைத்துப்போகும். நுரை அடக்காது. நைட்ரஜனை அழுத்தி வைத்தால் ஆயில் நுரைப்பது குறையும். கல்லும் பள்ளமுமான ரோட்டில் மணிக்கணக்கில் ஓட்டினாலும் ஷாக் சோர்ந்து போகாது. கேஸின் வேலை அவ்வளவுதான். அதிலும் உங்களிடம் இருப்பது பழைய ஷாக். உள்ளே கேஸ் இருக்கிறதா, அந்த டப்பா வெறும் அலங்காரமாகத் தொங்குகிறதா என்று யாருக்குத் தெரியும்? தெரிந்துகொள்ள வேண்டுமென்று டிரில் போடவோ வெட்டவோ வெல்டிங் வைக்கவோ யாரையும் விடாதீர்கள். அழுத்தம் உள்ளே இருந்தால் கண் போய்விடும்.

இனி நீளத்துக்கு வருகிறேன். இரண்டு சென்டிமீட்டர் என்பது கேட்கச் சின்னதாக இருக்கிறது. உங்கள் வண்டியின் இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே சுமார் ஒன்றே கால் மீட்டர்தான். பின்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் தூக்கினால் வண்டி முழுவதும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி முன்னால் குனிகிறது. ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். தள்ளினால் அது தானாகவே பின்னால் இழுபட்டு நேராகும். பைக்கின் முன் சக்கரமும் அதே கணக்கில்தான் நேராக ஓடுகிறது. ஹேண்டிலின் அச்சுக்கோட்டைக் கற்பனையாகத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். அந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். வண்டி முன்னால் குனியும்போது டிரெயில் சில மில்லிமீட்டர் குறைகிறது; ஹேண்டில் லேசாகிறது. தேனி பஜாரில் அது சுகமாகக்கூட இருக்கும். போடிமெட்டில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் வண்டி ஏற்கெனவே முன்னால் சாய்ந்திருக்கிறது. பிரேக் பிடித்தால் ஃபோர்க் அமுங்கி இன்னும் குனிகிறது. அதற்கு மேல் இந்த ஒரு டிகிரி. பின் சக்கரத்தில் பாரம் குறைந்து, விறைத்த ஸ்பிரிங் டயரைத் தரையில் துள்ள வைக்கும். அந்த நேரத்தில் பின் டிரம் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். உங்கள் கை உணர்ந்தது பிரமை இல்லை.

செயினை இறுக்கியது தப்பு. இன்ஜின் ஸ்ப்ராக்கெட், பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மின் பிவட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். ஆர்ம் கீழே தொங்கினால் செயின் தளரும். ஷாக் நீண்டதால் ஆர்ம் தாழ்ந்தது, செயின் தொங்கியது, மெக்கானிக் இறுக்கினார். இப்போது இரண்டு பேர் ஏறிப் பள்ளத்தில் இறங்கினால் செயின் வில் நாண் மாதிரி விறைக்கும். தேய்வது செயின் மட்டுமல்ல; கியர்பாக்ஸ் பக்கத்து பேரிங்கும் ஹப் பேரிங்கும் சேர்ந்தே போகும்.

ஹெட்லைட்டையும் பாருங்கள். அதிகாலை இருட்டில் ஓட்டுகிறவர் நீங்கள். முன்பு நாற்பது மீட்டர் தள்ளி விழுந்த வெளிச்சம், ஒரு டிகிரி குனிந்ததால் சுமார் 23 மீட்டரில் விழும்.

ஆர்.சி.யில் இல்லாததால் தப்பித்தோமா

முழுக்கத் தப்பிக்கவில்லை. முழுக்க மாட்டிக்கொள்ளவும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு சொல்வது இது: கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி.யின் விவரங்கள் போய்விடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் அந்தப் பிரிவு 'மாற்றம்' என்கிறது. தேய்ந்த ஷாக்கை எடுத்துவிட்டு அதே அளவு, அதே தரத்தில் வேறு போடுவது பராமரிப்பு. அதை யாரும் குற்றம் என்று சொல்ல மாட்டார்கள். பைப் துண்டு செருகி, உயரத்தை மாற்றி, சாரி கார்டைக் கழற்றியதைப் பராமரிப்பு என்று நீங்கள் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கே நாக்கு தடுக்கும்.

கேரளாவுக்குள் போகிறவர் என்பதால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனியின் மூல விவரக்குறிப்பை மாற்றும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொன்ன வழக்கு கேரளாவிலிருந்துதான் போனது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஷாக்குக்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்பி நான் பார்த்ததில்லை. ஆனால் செக்போஸ்ட்டில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னால் உங்கள் அன்றைய கூலி போச்சு.

பாலிசி செல்லுமா

"பாலிசியே செல்லாது" என்று ஏஜென்ட் சொன்னது பயமுறுத்தல். நீங்கள் யாரையாவது இடித்துவிட்டால், அடிபட்டவருக்குப் பணம் கொடுக்கும் பொறுப்பிலிருந்து கம்பெனி எளிதில் கழன்றுகொள்ள முடியாது. எந்தெந்தக் காரணங்களைச் சொல்லி மறுக்கலாம் என்று சட்டத்தின் 150ஆம் பிரிவே எண்ணி வைத்திருக்கிறது. ஷாக் மாற்றியது என்று அதில் தனியாக ஒன்றும் இல்லை. பாலிசி எடுக்கும்போது முக்கியமான விவரத்தை மறைத்தார் என்று வாதாட அவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஆனால் இப்படியான தகராறுகளில் "முதலில் அடிபட்டவருக்குக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்" என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவது வழக்கம். அந்த 'பிறகு' வரும்போது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், அதை மறக்க வேண்டாம்.

உங்கள் வண்டியின் சேதத்துக்குக் கேட்கும் ஓன் டேமேஜ் கிளைம் வேறு கதை. அங்கேதான் நான் வருவேன். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இந்த மாற்றத்துக்கும் இந்த விபத்துக்கும் சம்பந்தம் உண்டா? சிக்னலில் நின்ற வண்டியைப் பின்னாலிருந்து லாரி இடித்தால் உங்கள் ஷாக் என்ன மாடல் என்று எழுதி ஆவது ஒன்றுமில்லை. கொண்டை ஊசி வளைவில் தானாகச் சறுக்கி விழுந்து, மேல் ஸ்டட்டில் பைப் துண்டும் இருந்தால், அதைப் படம் எடுத்து ரிப்போர்ட்டில் வைக்காமல் இருக்க என்னால் முடியாது. அப்போதும் முழுத் தொகையையும் மறுத்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். பாலிசி நிபந்தனை மீறப்பட்ட ஒரு கிளைமில், முழுக்க மறுக்காமல் 'நான் ஸ்டாண்டர்டு' முறையில் 75 சதவீதம் வரை தரும் வழியை 2010இல் அமலேந்து சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

ஒன்றைச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பாலிசிக்கு ஷாக்கைவிடப் பால் கேன்தான் பெரிய தலைவலி. தனிநபர் டூவீலர் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு ஓட்டுவது, பந்தயம், சாம்பிளோ சொந்த லக்கேஜோ அல்லாத சரக்கு ஏற்றுவது, இவையெல்லாம் பாலிசிக்கு வெளியே. விற்கிற பால் சொந்த லக்கேஜ் ஆகாது. ஊரில் பால்காரர், முட்டைக்காரர், கீரைக்காரர் எல்லோரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள், எனக்கும் தெரியும். ஆனாலும் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். அவர்கள் பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே பாலிசியின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் வண்டியின் சேதமும் சேர்ந்த பேக்கேஜா, அடுத்தவருக்கு ஆகும் இழப்புக்கான தேர்டு பார்ட்டி மட்டுமா? தேர்டு பார்ட்டி மட்டும் என்றால், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பாலிசியில் பாதுகாப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சுதாகரன் வழக்கில் சொல்லியிருக்கிறது. மனைவியை மலையேற்றுகிறவர் பேக்கேஜ் எடுப்பதே சரி.

இனி செய்ய வேண்டியது

என் யோசனை, உங்கள் மாடலுக்கான புது ஷாக் ஜோடியே. ஸ்ப்ளெண்டர் என்று மட்டும் சொல்லாமல் ஆர்.சி.யைக் கையில் கொண்டுபோய் வருஷத்தைக் காட்டுங்கள். பாகத்தின் எண் வருஷத்துக்கு வருஷம் மாறியிருக்கலாம். அட்டைப் பெட்டியில் எண்ணும் எம்.ஆர்.பி.யும் அச்சாகியிருக்க வேண்டும், பில் வாங்க வேண்டும். ஷோரூம் ஸ்பேர்ஸ்தான் என்றில்லை. முஞ்சால் ஷோவா, கேப்ரியல், எண்டுரன்ஸ் போன்றவை பைக் கம்பெனிகளுக்கே ஷாக் செய்து கொடுப்பவை. அவர்களுடையதில் உங்கள் மாடலுக்கு உரியது கிடைத்தால் வாங்கலாம். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது கூடவே கூடாது.

மாட்டியதும் செயினைக் கையேட்டில் உள்ள அளவுக்குத் திரும்பத் தளர்த்தச் சொல்லுங்கள். பிறகு வீட்டிலேயே ஒரு சோதனை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஆக்சிலிலிருந்து நேர் மேலே சீட்டுக்கு அடியில் ஒரு புள்ளி வரை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டாண்டை எடுத்து, நீங்கள் உட்கார்ந்து, மகனையோ பக்கத்து வீட்டுப் பையனையோ மறுபடி அளக்கச் சொல்லுங்கள். பின் சக்கரம் மொத்தம் மேலே போகக்கூடிய தூரத்தில் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் அமுங்கியிருந்தால் சரி. கூட அமுங்கினால் ஒரு நாச் ஏற்றுங்கள். கேனோடும் ஒருமுறை, மனைவியோடும் ஒருமுறை அளந்து, எதற்கு எந்த நாச் என்று சுவரிலேயே எழுதி வையுங்கள். டயர் காற்றும் அப்படித்தான். ஆள் ஏறினால் எவ்வளவு என்று கையேட்டில் தனியாகவே போட்டிருக்கும்.

புது ஷாக் போட்டும் நாற்பது கிலோ பால் அதிகம் என்று தோன்றினால், இரண்டு நடையாகப் போங்கள், அல்லது அதற்கென்று ஒரு மொபெட் பாருங்கள். ஷாக்கை மாற்றினாலும் சேஸிஸ், பிரேக், டயர் எல்லாம் பழைய எடைக்கு அளந்து செய்தவையே. நீளமான ஷாக் அதிக லோடு தாங்கும் என்பது நம்பிக்கை மட்டும்தான். நீளத்துக்கும் லோடுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மோனோஷாக் வேண்டவே வேண்டாம். இரட்டை ஷாக் வண்டியில் பாரம் சீட்டுக்கு அடியில் இரண்டு பக்கக் குழாய்களில் போய் இறங்குகிறது. அந்த இடத்தைத்தான் கம்பெனி பலப்படுத்தியிருக்கிறது. மோனோஷாக் மாட்டினால் முழுப் பாரமும் நடுவில் ஒரே புள்ளியில் வந்து குத்தும். அங்கே ஒரு பிராக்கெட்டைப் பற்றவைத்து அதன்மேல் மனைவியை உட்கார வைக்க வேண்டுமா? 52ஆம் பிரிவு சொல்லும் கட்டமைப்பு மாற்றம் என்பது அச்சு அசலாக இதுதான்.

மனைவியின் இடுப்பு வலிக்கு நான் வைத்தியம் சொல்லக் கூடாது. ஒன்று மட்டும்: ஒருபக்கமாக உட்காரும்போது முதுகு திருகியே இருக்கிறது, ஒவ்வொரு குலுக்கலும் அந்தத் திருகலில் விழுகிறது. சுடிதாரோ, ஏலத்தோட்டத்தில் போடும் முழுக்கைச் சட்டையோடு ஒரு பேன்ட்டோ போட்டு இருபக்கமும் கால் போட்டு உட்கார முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கூச்சம் இருக்கும். பேசிப் பாருங்கள்.

கடைசியாக, விற்ற கடைக்காரர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்கள் பக்கம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்தும் புகார் சொல்லலாம். ஆனால் உங்களிடம் பில் இல்லை. "உங்க வண்டிக்கு அப்படியே பொருந்தும்" என்று அவர் சொன்னதற்குச் சாட்சி மெக்கானிக் மட்டும்தான், அவரும் அந்தக் கடைக்கே தினம் போகிறவர். 1,800 ரூபாய்க்காக நாலைந்து வாய்தா அலைந்தால் பால் ஊற்றுவது யார்? மெக்கானிக்கையே கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். பாதி விலைக்கு எடுத்துக்கொண்டாலும் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு சின்னக் கண்டிஷன் மட்டும் போடுங்கள்: கழற்றிய அந்தச் சாரி கார்டு மெக்கானிக்கின் பட்டறை மூலையில்தான் கிடக்கும். புது ஷாக்கோடு அதே நாளில், அதே போல்ட்டோடு அதைத் திரும்ப மாட்டிக் கொடுத்த பிறகுதான் கூலி.